மூன்று பாட்டு நேரம்

“கால எடுத்தே, மறுபடி முதல்லேர்ந்துதான்” என்கிறார் வேம்புலி.

அவர் எதிரே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருப்பவன் டில்லிபாபு. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருக்கிறான். கெண்டைக்காலில் நாயின் பல் இறங்கிய இடத்தில் ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் மெல்ல விழுந்துகொண்டிருக்கிறது.

“அண்ணாத்தே, பிரியாணி ஆறிடும். கஸ்டமர் போன் மேல போன் போட்டுகினு கீறாரு.”

“பிரியாணி ஆறிப்பூட்டா சுட வெச்சிக்கலாம். நீ ஆறிப்பூட்டா இன்னா பண்றது? குந்து.”

அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் இரண்டு சக்கர வண்டிகளைக் கழுவித் தரும் கடை வேம்புலியுடையது. பலகையில் ‘வாட்டர் வாஷ், ஃபோம் வாஷ்’ என்று மட்டும்தான் இருக்கிறது. நாய் கடித்தவர்கள் இங்கே வந்து உட்காருவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆனாலும் வருகிறார்கள். எந்நேரமும் தண்ணீர் ஓடும் இடம் இந்தச் சாலையில் இது ஒன்றுதான்.

வேம்புலிக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டையான, இறுகிய உடம்பு. மடித்துக் கட்டிய லுங்கிக்குக் கீழே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். நாள் முழுவதும் நனைவதால் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். சேறு பெயர்க்கும் பிரஷர் கன்னைக் காயத்தின் பக்கம் கொண்டுபோக மாட்டார். “அது மட்கார்டுக்கு. சதைக்கு இன்னாத்துக்கு?” காயத்துக்கென்று மெல்லிய குழாய் ஒன்று தனியாக இருக்கிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ரோஸ் நிறச் சோப்பும் இருக்கிறது.

பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது மருத்துவர்கள் சொன்ன கணக்கு. ஈரக்கையோடு கைபேசியைத் தொட முடியாததால், வேம்புலி அதை எஃப்.எம். ரேடியோவில் மூன்று பாட்டாக மாற்றிக்கொண்டார். நடுவில் வரும் விளம்பரங்கள் கணக்கில் சேராது. அறிவிப்பாளர் அதிகம் பேசினால் அவரைத் திட்டுவார். பாட்டு பிடிக்காதவர்களும் மூன்றைக் கேட்டே ஆக வேண்டும்.

அவருக்கு ஆகாதவை மூன்று: மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள். கடிபட்டவுடன் வீட்டில் யாராவது இவற்றில் ஒன்றை அப்பி அனுப்பிவிடுகிறார்கள். “புண்ணு இன்னா கொழம்பா, மொளகாத்தூளு போட?” என்று கேட்டுக்கொண்டே அத்தனையையும் கழுவித் தள்ளுவார். இவ்வளவு செய்கிறவர், நாய் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். “எனக்கு நாயின்னா பயம் நைனா” என்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

உடம்புக்குள் நடக்கும் சண்டையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். “இந்தக் கிருமி கீதே, கேடி. ரத்தத்துல வந்தா நம்ம ஒடம்புல கீற போலீசு புட்ச்சிடும்னு அதுக்குத் தெரியும். அதனால நரம்புக்குள்ள பூந்து, கமுக்கமா மூளைக்கு நடந்துகினு போவுது. மெதுவாத்தான் போவும். ஊசி இன்னா பண்ணுது? போலீசுக்கு அவன் போட்டோவ காட்டுது. பாத்து, மனப்பாடம் பண்ணி, ஆளு சேர்த்து வர்றதுக்கு ஒடம்புக்கு பத்து, பதினாலு நாளாவும். யாரு முந்துறான்றதுதான் மேட்டரு. சோப்பு போட்டுக் கழுவுனா பாதிப் பேரு வாசல்லயே காலி.”

ஆழமாகக் கடித்தால் ஊசி மட்டும் போதாது, சீரமும் வேண்டும் என்பதையும் சொல்வார். “அது ரெடிமேட் போலீசு. நம்ம ஆளுங்க வர்ற வரிக்கும் புண்ணுகிட்டயே காவலுக்கு நிக்கும்.” நகரச் சுகாதார நிலையத்தின் செவிலியர் சபீனா ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, “எங்க கிளாஸ்ல இவ்ளோ தெளிவா நடத்தலண்ணா” என்றார்.

தடுப்பூசி நான்கு தவணை: முதல் ஊசி அன்றே, மற்றவை அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து. வந்தவர் பெயரையும் நான்கு தேதிகளையும் கடையின் தகரக் கதவில் சாக்பீஸால் எழுதிவைப்பார். தேதி தவறினால் வீட்டு வாசலில் போய் நிற்பார். நான்கு வருடத்தில் இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கல்யாணமும் பண்ணிக்கொண்டான்.

இவர்களுக்கெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய பெயர் ஸ்ரீராம். அவன் என் தம்பி. நான்கு வருடத்துக்கு முன் இங்கே வண்டி கழுவ வந்தவன், கணுக்காலில் இருந்த சிறு கீறலைக் காட்டி, “நாய்க்குட்டிதான், விளையாடுச்சு” என்று சிரித்திருக்கிறான். வேம்புலியும் சிரித்திருக்கிறார். இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஸ்ரீராமின் சாவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை. “வண்டிய கழுவுனேன் சார். கால கழுவலியே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கடையில் அந்த மெல்லிய குழாய் தொங்கியது.

அவருடைய ஆகப் பெரிய வெற்றியை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, ஜோதிகா வந்தாள். தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸுக்குப் போகும் வழியில், தான் தினமும் சோறு வைக்கும் தெருநாய் கடித்துவிட்டது. பன் மட்டும் விரும்பித் தின்பதால் அதற்குப் பன்னு என்று அவளே பெயர் வைத்திருந்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பல் நன்றாக இறங்கியிருந்தது. வேம்புலி மூன்று பாட்டு கழுவினார். “ஆழமா கீது. ஆஸ்பத்திரில சீரம் கேளு” என்று சொல்லி அனுப்பினார். அன்றே முதல் ஊசி போட்டாள். வியாழக்கிழமை இரண்டாவது. அடுத்தது அடுத்த திங்கள். கதவில் இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டன.

சனிக்கிழமை மதியம் என் ஸ்கூட்டர் கழுவலில் இருந்தது. ஏரிக்கரையில் பன்னு செத்துக்கிடக்கிறது என்று யாரோ சொல்லிப் போனார்கள். இரண்டு நாளாக வாயில் நுரை தள்ளியபடி லாரிக்கு அடியில் ஒளிந்திருந்ததாம். வேம்புலி அசரவில்லை. “சீரம் போட்டுகீது பொண்ணு” என்றார். இருந்தாலும் சபீனாவுக்குப் போன் போட்டார்.

“எந்த சீரம்ணா? நகம் பட்டுச்சு, ரத்தமே வரலன்னுதானே சொன்னாங்க. பாத்தேன், கழுவி வெளுத்துப்போயி கோடு மாதிரிதான் இருந்துச்சு. கடியா அது? முதல் ஊசியிலேருந்து ஏழு நாளைக்குள்ள சீரம் போட்டுடணும்ணா. அதுக்கு மேல போட முடியாது. எங்க கிட்ட இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டுப் போங்க.”

ஜோதிகா அன்று வேப்பம்பட்டில் அம்மா வீட்டில் இருந்தாள். அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“சார், ஏறு” என்றார் வேம்புலி. என் வண்டியின் பின்பாதியில் இன்னும் நுரை இருந்தது. நான் நுரையின் மேலேயே உட்கார்ந்தேன். ஆவடி, திருநின்றவூர் என்று வழியெல்லாம் நுரை பறந்தது. சிக்னலில் ஒருவர், “இன்னா அண்ணாத்தே, வண்டிக்கு ஷேவிங்கா?” என்றார். வேம்புலி திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த லுங்கியும் ரப்பர் பூட்ஸுமாக அவர் உள்ளே நுழைந்ததும், ஜோதிகாவின் அம்மா கெங்கம்மாள் பயந்துபோனாள். “யார்மா இது, ஏரி ஒடச்சிகிச்சா?”

வேம்புலி நேராக ஜோதிகாவிடம் போனார். பட்டுப்புடவையில், தாம்பாளத்தோடு நின்றாள்.

“ஆஸ்பத்திரில இன்னா சொன்னே?”

“நகம் பட்டுச்சின்னு...”

“ஏன்?”

“கடிச்சிதுன்னா தெருவுல கீறவங்க பன்ன அடிச்சே கொன்னுடுவாங்கண்ணா. போன வருசம் பக்கத்துத் தெருவுல ஒரு நாய அப்டித்தான் பண்ணாங்க. அது பாவம், தெரியாம கடிச்சிடுச்சி.”

“பன்னு செத்துப்போச்சி ஜோதிகா. நோயில செத்துகீது.”

அவள் தாம்பாளத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேளம் நின்றது. கெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழுவு, வேணான்னு சொல்லல. ரயில்ல அழுதுகினே வா. இப்ப எந்திரி.”

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, சாயங்கால மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போனோம். பட்டுப்புடவைக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவில் நான். அவள் உண்மையாகவே அம்பத்தூர்வரை அழுதாள். “நான் சாவுறதுக்கா பொய் சொன்னேன்? அது சாவக்கூடாதுன்னுதானே” என்றாள். வேம்புலி, “ஒரு பொய்க்கு இவ்ளோ டிக்கெட் செலவா?” என்றதும் சிரிப்பும் வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் இளம் மருத்துவர் முதல் ஊசிச் சீட்டின் தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். வேம்புலியும் கூடவே உதட்டுக்குள் எண்ணினார்.

“ஏழு நாளைக்குள்ள வந்துட்டீங்க. போடலாம்” என்றார் மருத்துவர்.

சீரத்தைக் காயத்தைச் சுற்றிச் சதைக்குள் ஏற்ற வேண்டும். விரல் இடுக்கில் அது எவ்வளவு வலிக்கும் என்று ஜோதிகா போட்ட சத்தத்தில் வராந்தா முழுக்கத் தெரிந்தது. “கத்து! நல்லா கத்து! உள்ள போவுதுல்ல, அது போதும்” என்று வெளியே நின்று இவரும் கத்தினார். காவலாளி வந்து இருவரையும் அதட்டினார். அதற்குப் பிறகு வாசல் டீக்கடையில் முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு வேம்புலி டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “எங்க போலீசு வந்துட்டாங்கோ” என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டீயைக் குடித்தார்கள்.

மீதி இரண்டு ஊசிகளும் தேதி தவறாமல் முடிந்தன. கதவில் நான்கு தேதிகளும் அடிபட்டன. அதற்குப் பிறகும் மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவர் ஜோதிகாவின் பெயரை அழிக்கவில்லை. கம்பெனி பஸ் கடையைத் தாண்டும்போது ஜன்னலில் அவள் கை ஆடுகிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார்.

சித்திரை வெயிலில், வேலை முடிந்து நடந்து வந்தவள் கடை நிழலில் நின்றாள். “அண்ணா, தாகமா கீது. குடிக்கத் தண்ணி குடேன்.”

நாய்க்கடி நோய் வந்தவர்களால் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாது. கண்ணால் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேனிலிருந்து டம்ளரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வேம்புலி பிரஷர் கன்னைக் கீழே வைத்தார். அவள் தலையை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பி நீட்டினாள்.

அவள் கேட்கவில்லை. வேம்புலி அதை வாங்கி, விளிம்புவரை மறுபடியும் நிரப்பி, அவள் கையில் கொடுத்தார்.