பிஸ்கிட்டின் முதுகுக்குப் பொருந்தும் சேணம் தேடி நூற்று நாற்பது மைல்

2005 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு ஐந்துக்கு மோர்டனில் வெளிக்கிட்டு, பின்னேரம் ஏழு மணி தாண்டித் திரும்பி வந்தோம். கிட்டத்தட்ட லண்டனைச் சுற்றி ஒரு முழு வட்டம், நூற்று நாற்பது மைல். வழியில் கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை, நின்று படம் எடுக்கிற மாதிரி ஒரு இடமும் இல்லை. ஒரு குதிரையின் முதுகுக்கு அளவான சேணம் தேடித்தான் போனோம். லண்டன் பக்கம் குதிரை வைத்திருக்கிற தமிழ் ஆட்கள் எத்தனை பேரோ தெரியாது. ஒருவருக்கு உதவினாலும் போதும் என்று எழுதுகிறேன்.

குதிரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே வருவதற்கு முதல் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்தோம். அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு குதிரை லாயத்தில் சாணி அள்ளுவது. அந்த முதலாளி வெஸ்டர்ன் முறையில் சவாரி பழக்குகிறவர். மாடு மேய்க்கிறவர்கள் ஏறுகிற, முன்னால் கொம்பு வைத்த பெரிய சேணம் இருக்கிறதல்லவா, அதில். ஆட்கள் வராத நேரங்களில் எனக்கும் பழக்கிவிட்டார். லண்டனுக்கு வரும்போது அவரிடம் வாங்கிய ஒரு சேணத்தை இடியப்ப உரலோடும் சட்டி பானையோடும் ஏற்றிக்கொண்டு வந்தேன். சேணம் வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் குதிரை வந்தது. பிஸ்கிட், பெயருக்கேற்ற நிறம். கட்டை, அகலம், முதுகு மேசை மாதிரித் தட்டை. எப்சம் பக்கத்தில் ஜீன் என்ற பெண்மணியின் லாயத்தில் வாடகைக்கு நிற்கிறான்.

செப்டம்பர் தொடக்கத்தில் பிஸ்கிட் என்னைத் தூக்கி எறிந்தான். மணிக்கட்டு உடைந்தது, ஆறு கிழமை மாவுக்கட்டு. அதற்கு முதலே ஒரு மாதமாகச் சேணம் போடப் போனால் காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருவான். கொழுப்பு என்று நினைத்தேன். விழுந்த பிறகு "நன்றி கெட்டவன்" என்று ஏசிவிட்டு லாயப் பக்கமே போகவில்லை. என் கணவர் சிவாவோ ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், விற்கத்தான் வேண்டும் என்று. ஒரு வியாபாரி ஞாயிறு காலை பத்து மணிக்கு லொறியோடு வருவதாக ஏற்பாடு. ஆளைத் தள்ளிவிடுகிற குதிரையை நல்ல வீட்டுக்கு யாரும் வாங்கமாட்டார்கள். அது எங்கே போய் முடியும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கட்டு வெட்டின அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று போனேன். குளிர்கால மயிர் வளரத் தொடங்கியிருந்தது. தோளுக்குப் பின்னால், முதுகின் இரண்டு பக்கத்திலும், உள்ளங்கை அளவில் வெள்ளை மயிர். முன்பு அங்கே வெள்ளை இருந்ததே இல்லை. ஜீன் வந்து பார்த்தார். சேணம் அழுத்தித் தோல் அடிபட்ட இடத்தில்தான் இப்படி வெள்ளையாக முளைக்கும் என்றார். நான் அங்கேயே ஒரு வைக்கோல் கட்டின் மேல் இருந்துவிட்டேன். கொழுப்பில்லை, வலி. அந்த வலியை ஒவ்வொரு சனியும் நானே தூக்கிக்கொண்டு போய் அவன் முதுகில் வைத்திருக்கிறேன்.

சிவாவிடம் சொன்னேன். அவர் எலெக்ட்ரீசியன், கதையை நம்பமாட்டார், செய்து காட்டவேண்டும். "பத்து மணிக்கு ஆள் வரும். அதுக்கு முதல் அது அமைதியா நிண்டு சேணம் போட விட்டால் பாப்பம்" என்றார். எனக்கு இருந்தது ஒரு சனிக்கிழமை. கார் ஓட்டக் கை இல்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரில் இருக்கிற மச்சாளுக்கு, சிவாவின் தங்கை ராஜிக்கு, போன் எடுத்தேன். ராஜியும் கணவரும் விழாக்களுக்கு ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த சிற்றுண்டி செய்து கொடுக்கிறவர்கள். அவளுக்கு நாய்க்கே பயம்.

சரியாக ஏழுக்கு ராஜியின் நீளக் கார் வாசலில் நின்றது. உள்ளே முழுக்க எண்ணெய் மணம். எப்சம் பக்கம் எட்டு மைல், இருபத்தைந்து நிமிடம்.

லாயத்தில் முதல் வேலை அளவெடுப்பது. ஜீன் உடுப்புத் தொங்கவிடுகிற ஒரு கம்பிக் கொளுவியை நிமிர்த்தி, பிஸ்கிட்டின் தோளுக்குப் பின்னால் குறுக்காக வைத்து அழுத்தி, அந்த வளைவை அப்படியே கழற்றி மட்டையில் வைத்துக் கோடு கீறி, கோட்டோடு வெட்டி எடுத்தார். பிறகு கொஞ்சம் பின்னால் ஒன்று, நடுமுதுகில் ஒன்று. மட்டைக்கு ராஜியின் ரோல்ஸ் பெட்டி. ராஜி கேற்றுக்கு வெளியே நின்றாள்.

"மச்சாள், அது என்னைப் பாக்குது."

"பாக்கட்டும். உங்களை விட அவனுக்குத்தான் பயம்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை."

எட்டு நாற்பதுக்கு, இணையத்தில் பார்த்த ஒரு சேண விளம்பரத்தை நம்பி, ஹரோவுக்கு வெளிக்கிட்டோம். இருபத்தெட்டு மைல், ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மணி பார்த்தேன். இணையத்தில் எடுத்து அச்சடித்த வழித்தாளை மூன்று தரம் கீழே போட்டேன். ஹரோவில் விளம்பரத்தில் இருந்த தெரு நிறையத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கார்கள். நிறுத்த இடம் தேடியே கால் மணித்தியாலம் போனது. (சனி காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மெற்றோபொலிற்றன் ரயிலில் போங்கள்.)

விளம்பரம் போட்டவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். மனைவியின் சேணம். அவரால் இனி ஏறமுடியாதாம். கராஜ் கதவைத் தூக்கினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். தேன் நிறத் தோல், ஓரமெல்லாம் பூ வேலை, இருக்கை என் அளவு. ஏறி இருந்து பார்த்தேன், எனக்கென்றே தைத்தது போல இருந்தது. முந்நூறு பவுண்ஸ். கைப்பையைத் திறந்துவிட்டேன்.

ராஜி சேணத்தைக் கவிழ்த்து, முதல் மட்டையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். சேணத்துக்குள்ளே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் படுகிற மாதிரி இரண்டு பலகை உண்டு. மட்டை அவற்றுக்கிடையில் பாதிதான் இறங்கியது.

"மச்சாள், மட்டை ஏறேல்லை."

"கொஞ்சம்தானே. கீழ தடிச்ச மெத்தை ஒண்டு போடலாம்."

"இறுகின சட்டைக்குள்ள இன்னொரு பெனியன் போட்டால் சட்டை பெருக்குமே?"

குதிரையைத் தொடமாட்டேன் என்றவள் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு காரில் ஏறினேன். நோர்த் சேர்குலர் வீதி வழியாகப் பார்க்கிங் வரை இருபத்திரண்டு மைலும் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ராஜியின் வீட்டு வாசலில் காரை அணைக்காமலே ஆளுக்கு இரண்டு ரோல்ஸ். பிறகு எசெக்ஸ் பக்கம், ஓங்காருக்குக் கிட்ட ஒரு பண்ணை, பதினெட்டு மைல். அங்கே டெரி என்ற வெள்ளைக்காரர் பழைய வெஸ்டர்ன் சேணங்களைத் திருத்தி விற்கிறார். சேறான ஒழுங்கை, ஒற்றைப் பாதை. அதில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். நான் இறங்கி நடக்கிறேன் என்றேன். "இருங்கோ மச்சாள்" என்றாள் ராஜி, அதட்டுகிற குரலில்.

கொட்டிலில் நாற்பது சேணமாவது இருக்கும். எனக்கு என்ன அளவு என்று டெரி கேட்கவேயில்லை. மட்டைகளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இதுவரை எந்தச் சேணம் போட்டீர்கள் என்று கேட்டார். அதன் படத்தைக் காட்டினேன்.

"இது ஒடுங்கின குதிரைக்குச் செய்தது" என்றார். "உங்கட குதிரையில இது இறங்காது. தோளுக்குப் பின்னால ரெண்டு இடத்தில குத்திக்கொண்டு மேல நிக்கும். உங்கட பாரம் முழுக்க அந்த ரெண்டு இடத்திலதான்."

படத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மட்டையை வைத்தோம். சில முன்னால் இறுக்கம். சிலவற்றில் முன்னும் பின்னும் பட்டு நடுவில் பாலம் மாதிரி இடைவெளி. சில நீளம் கூட. சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பில் படக்கூடாதாம், பிஸ்கிட் போன்ற கட்டைக் குதிரைக்கு இதுதான் பெரிய தலையிடி. பதினோராவது சேணத்தில் மூன்று மட்டையும் சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பொருந்தின. கறுத்துப்போன, கீறல் விழுந்த, பின்பக்கம் வட்டமாக வெட்டின அவலட்சணம். இருக்கை எனக்கு இரண்டு அங்குலம் பெரிது, ஏறி இருந்தால் பெரியம்மாவின் கதிரையில் இருப்பது போல. விலை நானூற்றிருபது, ஹரோச் சேணத்தை விடக் கூட.

மட்டை பொருந்தினது பாதி வேலைதான், குதிரையில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்றார் டெரி. நூறு பவுண்ஸ் முற்பணத்துக்கு ஒரு கிழமை வைத்துப் பார்க்கத் தந்தார். பதினைந்து கிலோவை ராஜிதான் தூக்கிக் காரில் வைத்தாள்.

இரண்டு ஐம்பது. ஆறு மணியோடு இருட்டிவிடும். எப்சம் ஐம்பத்தைந்து மைல். டார்ட்ஃபோர்ட் பாலத்தில் கார் வரிசை அசையவேயில்லை. காசு கட்டுகிற இடத்துக்கு நாற்பது நிமிடம், ஒரு பவுண் காசை நான் அவ்வளவு நேரமும் கையில் பிடித்திருந்தேன். கீழே தேம்ஸ் அழகாக இருந்ததாம். ராஜி சொன்னாள், நான் பார்க்கவில்லை.

நான்கு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீன் மெத்தை எதுவும் இல்லாமல் சேணத்தை பிஸ்கிட்டின் முதுகில் சற்று முன்தள்ளி வைத்து, மெல்லப் பின்னால் இழுத்தார். தோள் எலும்புக்குப் பின்னால் அது தானாக நின்றது. முன்வளைவுக்கும் முதுகுக்கும் இடையில் மூன்று விரல். என் கையைப் பலகைக்குக் கீழே விட்டுப் பின்வரை கொண்டுபோனேன். எங்கும் ஒரே அழுத்தம். இனி மெத்தை போட்டு வயிற்றுப் பட்டி இழுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் கடிப்பான். ஜீன் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தார், என் கையில் பலமில்லை.

"ராஜி, நீங்கள்தான் இழுக்கவேணும்."

"ஏலாது."

"ராஜி."

கண்ணை மூடிக்கொண்டு வந்து இழுத்தாள். பிஸ்கிட் ஒரு காதைத் திருப்பினான். பிறகு மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி அவளுடைய ஜாக்கெட் பையை மணந்தான். ரோல்ஸ் மணமாக இருக்கவேண்டும். "இழுத்துப்போட்டன், கண்ணைத் திறக்கலாமோ?" என்றாள் ராஜி. எனக்கு அழுகைதான் வந்தது.

ஜீன் ஏறி இருபத்தைந்து நிமிடம் ஓட்டினார். இறங்கிச் சேணத்தைக் கழற்றினதும் முதுகைப் பார்த்தோம். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. நடுவில் எங்காவது காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் என்று அர்த்தம். இருக்கவில்லை.

ஞாயிறு ஒன்பதரைக்குச் சிவா வந்தார். புதுச் சேணத்தைத் தானே வைத்து, தானே பட்டியை இழுத்தார். பிஸ்கிட் அசையவில்லை. "சரி, கழட்டு. இப்ப பழசையும் ஒருக்கா வை பாப்பம்" என்றார். எனக்கு மனமில்லை, ஆனாலும் கொண்டுவந்தேன். பட்டி கட்டவில்லை, சும்மா வைத்ததுதான். காது பின்னால் போனது, முதுகுத் தோல் நடுங்கியது. சிவா உடனே இரண்டு கையாலும் அதைத் தூக்கி எடுத்துவிட்டார்.

"ஆறு கிழமையா நான் இவனைத்தானே ஏசினனான்."

"நானும்தான்" என்றேன்.

லொறி வந்தது. சிவா வாசலிலேயே போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்.

இப்படித் தேடப் போகிறவர்களுக்கு: முதலில் அளவெடுங்கள், கம்பியும் மட்டையும் போதும், கடைக்காரரின் "எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்" என்ற பேச்சை நம்பவேண்டாம். உங்களுக்கு அளவான இருக்கையைப் பிறகு பாருங்கள். பரீட்சித்துப் பார்க்கத் தராத இடத்தில் வாங்கவேண்டாம். குதிரை மெலிந்தாலும் கொழுத்தாலும் அளவு மாறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருதரம் திரும்பக் கை விட்டுப் பாருங்கள். பெற்றோல் எங்களுக்குப் பதினெட்டுப் பவுண்ஸ் முடிந்தது. சனி பின்னேரம் டார்ட்ஃபோர்ட் பாலத்தைத் தவிர்க்க ஏலுமானால் தவிருங்கள். கூடப் போக ஒருவர் வேண்டும். குதிரை தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை, வாங்காதே என்று சொல்லக்கூடியவராக இருந்தால் போதும்.

டொக்டர் சம்மதித்து டிசம்பரில்தான் திரும்ப ஏறினேன். பெரிய இருக்கையில் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு, மைதானத்தின் கேற் வரை மட்டும் நடத்திப் போவதாக முடிவு. கேற்றடியில் கடிவாளத்தை இழுத்தேன். பிஸ்கிட் நிற்கவில்லை. கேற்றை நெஞ்சால் தட்டிவிட்டு, அந்தப் பக்கத்துப் பாதையைப் பார்த்துக் காதுகளை முன்னால் நிமிர்த்திக்கொண்டு நின்ற இடத்திலேயே கால் மாற்றினான். குனிந்து கேற்றின் கொளுக்கியைக் கழற்றினேன்.