டீச்சர் மகனுக்காக ஒரு ஜெபம்

ஷிப்ட் தொடங்கும் முன் வலது கையை நீட்டி நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்வது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். எங்கள் கம்பெனி காருக்கு உதிரிபாகம் செய்வது, முதலாளிகள் கொரியாக்காரர்கள். சேர்ந்த புதிதிலிருந்தே வரிசைக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. குரல் கணீரென்று இருக்கும், வேறு தகுதி எதுவும் இல்லை. “ஹெல்மெட், கையுறை இல்லாமல் மெஷினை நெருங்க மாட்டேன். தரையில் ஆயில் சிந்தினால் உடனே துடைப்பேன். பக்கத்தில் நிற்பவரின் கைக்கும் கண்ணுக்கும் நானே பொறுப்பு. எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவோம்.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்தக் குரலை நம்பியோ என்னவோ, கொரிய மொழி படித்து வந்து மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது என்னை அனுப்பிவைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. சுங்குவார்சத்திரத்தைத் தாண்டினாலே வெளியூர் என்று நினைத்தவன், கொரியாவில் ஒரு மொழிப் பள்ளி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கூடப் படித்த பிலிப்பைன்ஸ், வியட்நாம் பிள்ளைகள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் வாயைத் திறந்தாலே வகுப்பில் ஒரு சிரிப்பு கிளம்பும். எங்கள் டீச்சர் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு விடுதி மெஸ்ஸை மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக வழியில்லாத எங்கள் நாலைந்து பேரை டீச்சர் தன் சர்ச்சுக்குக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் எல்லையம்மன்தான் எல்லாம். சர்ச் படியை நான் மிதித்ததே கிடையாது. ஆனால் ஆராதனை முடிந்ததும் சாப்பாடு உண்டு என்றார்கள். டீச்சர் நான் என்ன மதம் என்று கேட்கவில்லை. பசியில் நானும் சொல்லவில்லை.

ஆராதனை முடிகிற நேரத்தில் டீச்சர் எழுந்து பேசினார். அவருக்கு ஒரே மகன். அந்த நாட்டில் பையன்கள் எல்லாரும் கட்டாயம் ராணுவத்துக்குப் போக வேண்டும். இவனுக்கு எல்லையில் காவல் வேலை. கொஞ்ச நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. தன் மாணவர்கள் ஒவ்வொருவரும் அவனுக்காகத் தங்கள் தாய்மொழியில் ஜெபிக்க வேண்டும் என்றார். பிலிப்பைன்ஸ் பெண் கண்ணீர் வழிய ஜெபித்தாள். வியட்நாம் பையன் பாடினான். அடுத்தது நான்.

எழுந்து நின்றேன். மண்டை காலியாக இருந்தது. எல்லையம்மன் பாட்டு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது; அதை அங்கே பாடுவது தப்பு என்று விழுங்கினேன். எனக்கு ஜெபம் தெரியாது என்று சொல்லும் அளவுக்குக் கொரிய மொழி எனக்கு வரும்தான். டீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. எதிரே வரிசையாக ஆட்கள், எல்லாரும் என் குரலுக்குக் காத்திருக்கிறார்கள். என் வலது கை தானாக நீண்டது.

“ஹெல்மெட், கையுறை இல்லாமல் மெஷினை நெருங்க மாட்டேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆயில் துடைக்கிற வரிக்கு வந்தபோது காதுமடல் கொதித்தது. இருந்தும் கடைசி வரைக்கும் போனேன், அதுவும் கணீரென்று. மொத்த சர்ச்சும் “ஆமென்” என்றது.

சாப்பாட்டு மேஜையில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த கறியை எடுத்து எனக்கு வைத்தார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டார். எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று சொன்னேன். அது பொய்கூட இல்லை. அதனாலேயே இன்னும் கேவலமாக இருந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வந்ததே சோற்றுக்காக. அந்தச் சோறு தட்டிலேயே ஆறிப்போனது.

இரண்டு வருஷம் கழித்து, சூப்பர்வைசர்களுக்குக் கொரியப் பேச்சு சொல்லிக்கொடுக்க எங்கள் கம்பெனி அந்த டீச்சரையே வரவழைத்தது. கூடவே இருந்து மொழிபெயர்ப்பது என் வேலை. முதல் நாள் காலை அவருக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பைச் சுற்றிக்காட்ட, எனக்கு ஷிப்ட் தொடங்குகிற நேரம்தானா கிடைத்தது? நாங்கள் உள்ளே நுழையும்போது நூறு கைகளாவது நீண்டிருக்கும். “ஹெல்மெட், கையுறை இல்லாமல்” என்று ஷாப்பே அதிர்ந்தது.

டீச்சர் நின்றுவிட்டார். வாங்க, முதலில் கேன்டீனைப் பார்க்கலாம் என்று அவசரப்படுத்தினேன். அவர் அசையவில்லை. கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி வரி முடிந்ததும் சத்தமாக “ஆமென்” என்றார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இவ்வளவு பேரிடமும் சொல்லி வைத்தாயா?” என்று என்னைப் பார்த்துக் கொரிய மொழியில் கேட்டார். “தினமும் இவர்கள் என் மகனுக்காகவா ஜெபிக்கிறார்கள்?”

“இல்லை டீச்சர்...” என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் வரிசையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசத் தொடங்கிவிட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

“இன்னாப்பா சொல்லுது அந்தம்மா? எதுக்கு அழுவுது?” என்று வரிசைக்கு முன்னால் நின்ற சூப்பர்வைசர் கேட்டார்.

“அவங்க புள்ள மிலிட்டரிலேர்ந்து நல்லபடியா வூட்டுக்கு வந்துட்டானாம்ணே. உங்க எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க.”

“நமக்கு எதுக்குப்பா? நாம இன்னா பண்ணோம்?”

சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“வந்துட்டான்ல, அது போதும்மா. புள்ள நல்லாருக்கட்டும்.”

வரிசையில் நின்றவர்களும் ஆமாம்மா, ஆமாம்மா என்று தலையாட்டினார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். டீச்சர் காதை என் பக்கம் சாய்த்து, கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல் என்றார்.