சந்தனமும் ஒரு சிவப்பு பல்பும்

எங்கள் ஆட்டோ எலக்ட்ரீசியன் சங்கத்துக்கு இந்த 1999ஆம் வருடம் பத்தாவது ஆண்டு விழா. விழா மலரில் எங்கள் உறுப்பினர் சந்தனத்தைப் பற்றி இரண்டு பக்கம் வர வேண்டுமாம். அதை நான்தான் எழுத வேண்டும் என்று செயலாளர் அர்த்தநாரி வீடு தேடி வந்து உட்கார்ந்துகொண்டார். "அவனைப் பத்தி உங்களுக்குத்தானுங்க நல்லாத் தெரியும்" என்றார். தெரியாமல் என்ன? பத்து வருடமாகக் கண்கொத்திப் பாம்பாக அவனையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். கட்டிய பெண்டாட்டிகூட அவனை இவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

சந்தனம் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். 1984 வாக்கில் திருப்பூருக்குப் பிழைக்க வந்து, முதலில் சாயப்பட்டறையில் உப்பு மூட்டை தூக்கினான். பிறகு ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினான். அந்த மெஷினில் நூல் அறுந்தால் ஒரு சின்ன விளக்கு எரியும், மெஷினும் நின்றுவிடும். மற்றவர்கள் நூலை முடிச்சுப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவனோ விளக்கு ஏன் எரிகிறது என்று மூடியைக் கழற்றிப் பார்த்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அங்கே பிடித்த கிறுக்கு அவனை விடவில்லை. பகலில் மெஷின், மற்ற நேரத்தில் கோயமுத்தூர் ரோட்டில் ஒரு பட்டறையில் எடுபிடி என்று வேலை பழகி, 1989இல் நல்லூரில் என் பட்டறைக்கு நேர் எதிரே ஒரு தகரக் கொட்டகை போட்டான். திருப்பூரில் அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள்.

நான் தங்கவேலு. அப்போதே எனக்குப் பதினைந்து வருட சர்வீஸ். பழைய டைனமோ வண்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு வயர் இழுப்பேன். சாயப்பட்டறை முதலாளி குமாரசாமியின் ஐந்து வண்டிகளும் என் கையில்தான் இருந்தன. அந்த வண்டிகள் என் வாசலில் நின்றால் மற்ற வண்டிகளும் தானாக வந்து நிற்கும். அவை போய்விட்டால் நான் வெறும் தங்கவேலு. இது எனக்கும் தெரியும், மொத்த நல்லூருக்கும் தெரியும்.

அந்த ஐந்தில் ஒன்று பழைய பிக்கப். குமாரசாமி இரண்டாம் கையாக வாங்கியது. 1992இல் அதற்குப் பேய் பிடித்தது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுங்கும். பிரேக்கை மிதித்தால் டீசல் முள் ஆடும். நான் பிளாஷர் மாற்றினேன், சுவிட்ச் மாற்றினேன், மீட்டரையே மாற்றினேன். பேய் இறங்கவில்லை. டிரைவர் மாரப்பன் பொறுமை இழந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

நான் டீ கிளாசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் டேஷ்போர்டைத் தொடக்கூட இல்லை. வண்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் குனிந்து, பாரம் ஏற்றும் தொட்டியிலிருந்து எங்கே தண்ணீர் சொட்டுகிறது என்று பார்த்தான். பிறகு அடியில் படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். திரும்ப முடுக்கினான். அவ்வளவுதான், பேய் இறங்கிவிட்டது.

"சாயத் துணி உப்புத் தண்ணி சொட்டச் சொட்டத்தான வருது? அது எர்த் போல்ட்டு மேலயே விழுந்து பூராத் துரு. எர்த் இல்லாட்டி கரண்டு கண்ட வழில தானே போகும்" என்று மாரப்பனுக்கு விளக்கம் வேறு சொன்னான். உப்பு மூட்டை தூக்கியவனுக்கு உப்பு எங்கே போகும் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் மூன்று சாமான் மாற்றிய இடத்தில் அவன் ஒரு துண்டு உப்புத்தாளோடு முடித்துவிட்டான்.

வீட்டில் என் பெண்டாட்டி மயிலாள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். "ஏனுங்க, நம்மூட்டு மிக்சியையும் அந்தத் தம்பிகிட்டக் குடுத்துப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மிக்சியை நானே பிரித்தேன். அது இன்றுவரை ஓடவில்லை.

அதற்குப் பிறகு பிக்கப்பின் வயரிங் முழுவதையும் சந்தனமே மாற்றிப் போட்டான். மீதி நான்கு வண்டிகள் என்னிடம் இருந்தன. ஆனால் குமாரசாமியின் பேச்சில் "சந்தனத்தைக் கேட்டுக்கலாம்" என்பது அடிக்கடி வந்தது. நான்கும் எந்த நாளும் ரோட்டைத் தாண்டிவிடும் என்று எனக்குப் பயம்.

1993இல் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாசி சிவராத்திரிக்குத் தெற்கத்திக்காரர்கள் குலசாமி கும்பிட ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரம் திருப்பூரில் பாதி மெஷின் ஓடாது. சந்தனமும் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். அப்போது பார்த்து பிக்கப்பின் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு பல்பு மங்கலாக எரிய ஆரம்பித்தது. சார்ஜில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். குமாரசாமி வண்டியை என்னிடம் அனுப்பினார்.

சந்தனம் வருவதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பகல் முழுவதும் மல்லுக்கட்டினேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இந்த வண்டியில் டைனமோ கிடையாது, ஆல்டர்னேட்டர். பெல்ட்டைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். சிவப்பு போகவில்லை. என்னைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் மாரப்பன் வந்துவிடுவான். சட்டென்று அந்த பல்பைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்குத்தானே, தகவல் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது, சார்ஜ் அதுபாட்டுக்கு ஏறும் என்று நினைத்தேன். கோளாறை நாளைக்கு நிதானமாகப் பார்க்கலாம் என்றும் நினைத்தேன்.

"செரியாப் போச்சுங்க" என்று குமாரசாமியிடம் சொன்னேன். "பரவால்லியேப்பா!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். நாளைக்கு என்றது நாளைக்காகவே இருந்தது.

மூன்றாம் நாள் சிவப்புத் துணி ஒரு லோடு, சாயப்பட்டறையிலிருந்து ஈரத்தோடு சேவூர்ப் பக்கம் காயப்போடும் களத்துக்குப் போனது. வழியில் மாரப்பன் வண்டியை அணைத்துவிட்டு டீ குடித்தான். திரும்பி வந்து சாவியைத் திருகினால் செல்ப் எடுக்கவில்லை. பேட்டரி சுத்தமாகக் காலி. ஈரத்துணிப் பாரத்தோடு வண்டியைத் தள்ளவும் முடியவில்லை. டிராக்டர் கிடைத்து இழுக்க மதியம் தாண்டிவிட்டது. மாசி வெயிலில் குவியலாகக் கிடந்த துணி முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய துணி.

குமாரசாமி என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "நான் லைட்டை மட்டுந்தானுங்க பாத்தேன். உள்ள வயர் பூரா அவன் போட்டதுங்க" என்றேன். "அவன் வரட்டும், நாளைக்கு நீயும் வா" என்றார். போகாமல் இருப்பேனா? சந்தனம் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

சந்தனம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சாயப்பட்டறைக்கு வந்திருந்தான். நெற்றித் திருநீறுகூட அழியவில்லை. குமாரசாமி வைதது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு டேஷ்போர்டைக் கழற்றினான். பல்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. விரலை அதில் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"பல்பு எங்கப்பா?" என்று குமாரசாமியும் என்னைப் பார்த்தார். டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சந்தனம் பேசினான். "அண்ணன் டைனமோ வண்டில பழகுன கை, மொதலாளி. அதுல இந்த பல்பு இல்லாட்டியும் சார்ஜ் ஏறும். இதுல பல்பு வழியாப் போற கரண்டுதான் ஆல்டர்னேட்டரையே எழுப்பி விடுது. அது தெரியாம எடுத்துட்டாரு. எனக்கே போன வருசந்தான் தெரியும்."

குமாரசாமியின் முகம் இளகிவிட்டது. அவர் கோபக்காரர், கெட்டவர் இல்லை. "ஏப்பா தங்கவேலு, தெரியாமத்தான் எடுத்தியா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு "ஆமாங்க" போதும். வண்டிகள் என்னிடமே இருந்திருக்கும். சந்தனமே அந்த வழியைத் திறந்துவிட்டு நின்றான். ஆனால் அத்தனை பேர் முன்னால், இவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அவன் போட்ட பிச்சையாக.

"தெரிஞ்சேதான் எடுத்தனுங்க" என்றேன்.

"அப்ப என்ற துணி கெட்டுப் போவட்டும்னே எடுத்தியா?"

குமாரசாமி வாசல் கேட்டைக் காட்டினார். "இனி இதுக்குள்ள காலை வெக்காத" என்றார். சந்தனம் மட்டும் "அண்ணே, ஏண்ணே இப்பிடிச் சொல்றீக?" என்று பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடி வந்தான். நான் பொய் சொல்கிறேன் என்பது அவன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. அதற்காகவும் அவனை வெறுத்தேன்.

ஐந்து வண்டிகளும் ரோட்டைத் தாண்டின. அடுத்தவன் பெயரைக் கெடுக்க வண்டியில் கைவைத்தவன் என்று ஆறு வருடமாக எனக்குப் பெயர். சந்தனம் அதை எங்கே கேட்டாலும் மறுத்துப் பேசுகிறான் என்று அர்த்தநாரி சொன்னார். யாரும் நம்பவில்லையாம். நானே என் வாயால் ஒப்புக்கொண்டதாயிற்றே.

அர்த்தநாரி, சந்தனத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். நல்ல வேலைக்காரன், என்னைவிட நல்ல வேலைக்காரன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. கீழே வரும் ஒரு வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள். பல்பை எடுத்தால் சார்ஜ் ஏறாது என்பது எனக்குத் தெரியாது.