எல்லைக்கு அப்பால் செல்லாத உத்தரவு

குடத்தைத் தூக்கப் போனேன். வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. விரல்களை உயர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு மாதமாகவே வயிற்றை முறுக்கும் வலி இருந்தது. உடம்புச் சூடு என்று மோர் குடித்துச் சமாளித்திருந்தேன்.

கணவர் நல்லேப்பிள்ளியிலிருந்து வண்டி கட்டிப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரம் நீலக்கோடு ஓடியிருந்தது.

"முகத்துக்கு என்ன பூசறீங்க?"

"பவுடருங்க. கல்யாணத்திலிருந்து தினமும் பூசறேனுங்க."

அதில் ஈயவெள்ளை (முகத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஈய உப்பு) இருப்பதாகச் சொன்னார். அது மூச்சிலும் வாயிலும் போய் நரம்பைக் கெடுத்திருந்தது. நகரில் அதை விற்கக் கூடாதென்று உத்தரவு வந்துவிட்டதாம்.

"எங்கூர்க் கடையில விக்கறாங்களேங்க?" என்றார் கணவர்.

"நீங்க கொச்சி ராஜ்யமல்லவா? இங்கத்த பிரிட்டிஷ் உத்தரவு அங்கே செல்லாது."

என் நாத்தனாருக்கு ஏழாவது மாதம். அவளும் அதே டப்பாவிலிருந்துதான் பூசினாள். நான் அதைச் சொன்னதும் டாக்டர், "இனி ஒரு நாள்கூடப் பூசக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மாடுகள் நகராததுபோல் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் கண்ணாடிமுன் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் டப்பாவைத் தட்டிவிட்டேன்.

"ஏனுங்க நங்கையா, என்னாச்சு?" எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முகத்தைக் கழுவு அம்மிணி. மொதல்ல கழுவு."

கடைக்காரரிடம் போனோம். "சர்க்கார் நிறுத்தச் சொன்னா நிறுத்தறேனுங்க" என்றார். அப்படியானால் சர்க்காரைச் சொல்லவைக்க வேண்டியதுதான். கணவர் மனு எழுதினார். நான் இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டேன். எங்கள் தெருப் பெண்கள் கைநாட்டு வைத்தார்கள்.

மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பேதி உப்பும் மருந்துநீரும் குடித்துக் கிடந்தேன். நாத்தனாருக்குப் பெண் பிறந்தது. மிகச் சிறிய குழந்தை, அழவே நேரமானது. ஆனால் அழுதது. தடை உத்தரவு எங்கள் பக்கம் வந்தபோது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது.

இதே நோயில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பூச்சை நிறுத்திய மறுநாளே கை திரும்பாது. எனக்கு ஆள்காட்டி விரல் அசையவே ஐந்து மாதமாயிற்று.

இப்போது கை உயர்கிறது. ஆனால் நான் நினைப்பதற்கும் அது எழுவதற்கும் நடுவே ஒரு கணம் கிடக்கிறது. முன்பு அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இன்று அதற்குள் நின்று, கை வரும்வரை காத்திருக்கிறேன்.