பக்கத்து நாடு கிணற்றில் குதித்த வருஷம்

என் மருமகளைப் போலப் பலகை வியாபாரத்தைக் கரைத்துக் குடித்தவள் ஏழு கடல் தாண்டித் தேடினாலும் கிடைக்கமாட்டாள். சரி, ஏழு கடல் கொஞ்சம் ஓவர்தான். அவளுக்குத் தெரிந்தது இரண்டே நாடு: நம் நாடும் பக்கத்து நாடும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். என்று ஒவ்வொரு பலகை வகையிலும் எந்த நாடு எவ்வளவு வெளிநாட்டுக்கு விற்றது என்பதை வருஷவாரியாக ஒப்பிட்டு வரைபடம் போடுவது, பலகை ஆலைக்காரர்கள் சங்கத்தில் அவள் வேலை. தற்காலிக வேலைதான். பொதுக்கூட்டத்தில் வரைபடம் எடுபட்டால் நிரந்தரம் என்று சங்கத் தலைவர் சொல்லியிருந்தார்.

அந்த ஆசைதான் அவள் பிராணனை வாங்கியது. ஒரு நாடு கப்பலேற்றியதாகச் சொல்லும் கணக்கும் இன்னொரு நாடு இறக்கியதாகச் சொல்லும் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. "நடுக்கடல்ல மீனா திங்குது பலகைய?" என்று கம்ப்யூட்டரைத் திட்டுவாள். "அலமாரி செய்யுதோ என்னவோ" என்பேன். முறைப்பாள்.

ஒருவழியாக வரைபடம் தயாரானது. நம் கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. பக்கத்து நாட்டுக் கோடு நம் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்துவிட்டு, ஒரே வருஷத்தில் கிணற்றில் குதித்ததுபோல் விழுந்தது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "அவங்க கதை முடிஞ்சுதும்மா! நம்ம ஆலைகள்ல புது மெஷின் இறக்கிடலாம்" என்று கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் என் மகன் அலமாரித் தட்டுக்குப் பலகை வாங்கிவந்து பொருத்தினான். நாலு புத்தகம் வைத்ததும் அது தொட்டில் மாதிரி தொங்கியது.

"கடையில என்ன சொல்லி வாங்கினீங்க?" என்றாள் மருமகள்.

"நீளம் சொன்னேன், அகலம் சொன்னேன்."

"எத்தனை எம்.எம்.னு?"

"அதை அவனே பாத்துக் குடுத்துடுவான்னு நெனச்சேன்."

"பலகைச் சங்கத்துல வேலை பாக்கறவ புருஷன்னு வெளியில சொல்லிடாதீங்க! நீளம் அகலம் மட்டும் இருந்தா அது பலகையா? தடிமன் சொல்லாம எவனாவது..."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பக்கத்து நாடு கோடு விழுந்த வருஷம்வரை பலகையைச் சதுர மீட்டரில் எழுதியிருந்தது. அப்புறம் தடிமனையும் சேர்த்துக் கன மீட்டருக்கு மாறியிருந்தது. அதே சரக்குதான், எண் மட்டும் சுண்டைக்காயாகிவிட்டது. தலைப்பில் போட்டிருந்த அலகைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே கோட்டில் கோத்திருந்தாள் இவள்.

"அப்போ அவங்க விழவே இல்லையா?" என்றான் மகன்.

"இல்ல. நான்தான் விழுந்திருக்கேன். நாளைக்கு இதைச் சொன்னா என் வேலை போச்சு. சொல்லலைன்னா அத்தனை பேரும் மெஷின் வாங்கிட்டு முழிப்பாங்க."

மறுநாள் என் மருமகள் கூட்டத்தில் சிங்கம்போல் எழுந்தாள். மேசையை ஓங்கித் தட்டி, "வரைபடம் தப்பு, போட்டது நான். அவங்களும் ஏறிக்கிட்டுதான் இருக்காங்க!" என்று முழங்கினாள். ஆலைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்ட, தலைவர் அந்த இடத்திலேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை எழுதியதைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மருமகள் பொறுமையிழந்துவிட்டாள்.

"ஐயோ அத்தை! மேசைய எங்க தட்டினேன்? தண்ணி டம்ளரத்தான் தட்டிவிட்டேன், தலைவர் மடியில கொட்டிச்சு. யாரும் கைதட்டல. மெஷின் வேண்டாம்னு மட்டும் முடிவாச்சு. நிரந்தரத்தைப் பத்தி அவர் வாயே திறக்கல, ஈரத்தைத் துடைச்சுக்கிட்டே போயிட்டார்."