வெள்ளிக்கிழமை ஐந்து மணிப் படம்

வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல படம் எது என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில், திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்னால் அந்தக் கேள்வி தவறாமல் வரும். கேட்பவர் பக்கத்து நாற்காலி சமஸ்கிருத டீச்சர். உத்திர வீதியில் வீடு. படத்தில் ரத்தம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார், யாராவது அழுதால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஆனாலும் வாரத்துக்கு ஒரு படம் பார்த்தாக வேண்டும்.

"இந்த வாரம் என்ன படம் பாத்தேள்? உங்காத்துக்காரர் என்ன சொன்னார்?"

அவருக்கு முக்கியம் இரண்டாவது கேள்விதான். என் அபிப்பிராயத்தை மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார். என் கணவர் நல்ல படம் என்று சொல்லியிருந்தால்தான் அன்று சாயங்காலம் வீட்டில் டிவியைப் போடுவார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

என் கணவர் அப்போது சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமான மறு வருஷம் போனவர். ஆறு நாளும் அங்கே மொட்டை மாடிகளில் வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது, மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் எங்கள் மாடி வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். என் தனிமையை நினைத்து மகள்தான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். டிவியில் படம் பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டு, அதே கணக்கைத் தம்மாமில் இருந்த அவள் அத்தாவின் போனிலும் சேர்த்துக் கொடுத்தாள். "வாரம் ஒரு படம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாருங்க. பேசறதுக்கு விஷயம் கிடைக்கும்ல?" என்றாள். எங்களுக்குள் பேச விஷயம் குறைந்துபோனதை அவள் கவனித்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை ஐந்து மணிப் படம் ஆரம்பித்தது. அங்கே அப்போது இரண்டரை மணி. அவர் ஜும்மா தொழுது, சாப்பிட்டு முடித்திருப்பார். நான் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, பாலத்தில் நின்றுகொண்டே வந்து, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு மாடியேறும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும். முகம் கழுவிவிட்டுப் போன் செய்வேன்.

"போட்டாச்சா?"

"இரு, சுத்துது. ஆங், வந்துருச்சு. ஒன்னு, ரெண்டு, மூணு."

இருவரும் ஒரே நொடியில் அமுக்கிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். நடுவில் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் "நிறுத்துங்க" என்று மெசேஜ் அனுப்புவேன். உடனே ஒரு கட்டைவிரல் வரும். தொழுதுவிட்டு வந்து "போடுங்க" என்பேன். மறுபடியும் கட்டைவிரல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால்கூடத் திரும்பாத புருஷன்மார்களை எனக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நொடியில் பதில் சொல்கிற மனிதரை நினைத்து எனக்குப் பெருமைதான். படம் முடிந்ததும், "டீ குடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்று ஒரு வரி வரும். கால் மணி நேரத்தில் கூப்பிடுவார். அப்புறம் அரை மணி நேரம் படத்தைப் பற்றியே பேசுவோம்.

அத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கென்று சில தீர்மானங்கள் உண்டு. தியேட்டரில் விசில் வாங்கிய படத்தை வீட்டில் போடக்கூடாது. எங்கள் ஹாலில் குறுக்கே கொடி கட்டித் துணி காயும். அந்தத் துணிக்குக் கீழே நாயகன் புழுதி கிளப்பிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கோர்ட் படங்கள் வீட்டுக்கு நல்லவை. எழுந்துபோய்க் குக்கர் வைத்துவிட்டு வந்தாலும் வக்கீல் அதே விஷயத்தை இன்னொரு முறை சொல்லிக்கொண்டிருப்பார். மலையாளப் படங்களில் எனக்குப் பிடித்தது அவர்கள் சாப்பிடுவது. நிஜமாகவே பசித்தவர்கள் மாதிரி சாப்பிடுகிறார்கள். நம் படங்களில் தட்டில் கை வைத்ததுமே யாராவது வந்து சண்டை போட்டு எழுப்பிவிடுவார்கள்.

ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. நம் படங்களில் வளைகுடாவிலிருந்து வருகிறவன் என்றால் கறுப்புக் கண்ணாடி, சென்ட் பாட்டில், கழுத்தில் சங்கிலி, வாயில் நாலு அரபி வார்த்தை, அவ்வளவுதான். சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவான். அவன் வேலை செய்வதைக் காட்டமாட்டார்கள். அலுத்துத் தூங்குவதைக் காட்டவே மாட்டார்கள். படத்தில் படுக்கிற ஆட்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தபடி விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைப் படத்தை நான் வியாழக்கிழமையே ஓட்டிப் பார்த்துவிடுவேன். வெளிநாட்டில் யாராவது செத்துப்போகிறார்களா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்களா, தொழிலாளிகள் தங்கும் இடத்தில் தீப்பிடிக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி ஏதாவது இருந்தால் அந்தப் படம் கிடையாது. அந்தக் காட்சியை அவர் ஒரு கட்டிலில் தனியாக உட்கார்ந்து பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை எனக்குக் கதை தெரிந்திருக்கும். பாதிப் படத்தை டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டே ஓட்டுவேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

ஆனால் அவர் பேசுவதற்காகக் காத்திருப்பேன். பன்னிரண்டாவது படித்துவிட்டு ஐ.டி.ஐ. போன மனிதர், எனக்குக் கண்ணில் படாததை எல்லாம் சொல்வார். ஒரு சின்னக் கன்னடப் படம் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் நடத்துகிற ஒருத்தி. புருஷன் கப்பல் வேலைக்குப் போகிறான். மழை பெய்கிறது, அவன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். அவள் வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறான். நான் அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சக்காரி என்றேன். அவர் போனில் சொன்னார்:

"அப்படிச் சொல்லாத. அவ வாசலுக்கு வந்தா அவன் போமாட்டான். அது அவளுக்குத் தெரியும். அதான் வரல."

ஒவ்வொரு லீவு முடிந்து அவர் கிளம்பும்போதும் நான் அடுப்படியில்தான் இருப்பேன். அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் படி இறங்குவார். நான் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட வாசலுக்குப் போனதில்லை. அவர் மனதில் அது ஒரு குறையாக இருக்குமோ என்று இத்தனை காலம் பயந்திருக்கிறேன். இல்லை, புரிந்துகொண்டுதான் இருக்கிறார் என்று அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ வாரத்தை ஓட்டினேன்.

போன வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். இடுப்பு வலியோடும் இரண்டு பெட்டியோடும் அவர் நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த முதல் வெள்ளிக்கிழமை, நாங்கள் பார்த்ததிலேயே இருவருக்கும் ரொம்பப் பிடித்த கொலைப்படத்தை மறுபடி போட்டேன். ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. கடைசியில் கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில் அவர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட! இந்த போஸ்ட்மேனா! நான் நெனைக்கவே இல்லம்மா."

நான் டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். இதே படத்துக்குத்தான், "மொத சீன்லயே போஸ்ட்மேன்னு கண்டுபிடிச்சிட்டேன், அவன் கை நடுங்குது பாரு" என்று போனில் சொன்னவர் அவர். என் பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் லுங்கியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம ஒரு நாள்தான் தூங்க முடியும்" என்றார். "சாப்பிட்டா கண்ணு தானா மூடிக்கும். மூணு சொல்லிப் போட்டுட்டு, போன ரூம்ல கீழ்க்கட்டில்ல இருக்குற தம்பி கையில குடுத்துட்டுப் படுத்துருவேன். தொட்டியத்துக்காரன், வாழைத் தோட்டத்துல வளந்த பையன். படம்னா உசுரு அவனுக்கு. முடிஞ்சதும் எழுப்பி, டீ போட்டுக் குடுத்து, மொத்தத்தையும் சொல்லுவான். அத நான் உங்கிட்ட சொல்லுவேன்."

"கட்டைவிரல்?"

"அதுவும் அவன்தான்."

"ஒரு படம்கூடப் பாக்கலையா?"

"ஆரம்பிக்கிறப்ப பேரு போடுவான்ல, அது வரைக்கும் பாப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது. இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தது யாரோடு படம் பார்க்க? ஊர் பேர் தவிர ஒன்றும் தெரியாத ஒரு பையனோடு. அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நானும் வியாழக்கிழமைத் திருட்டை மறைத்தவள்தானே. மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினேன். சாப்பாடு, கேஸ், மகளின் போன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சமஸ்கிருத டீச்சரிடம் சொன்னேன். அவர் எனக்காக வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ இத்தனை நாளா நான் கேட்டதெல்லாம் அந்தத் தொட்டியத்துப் பிள்ளை சொன்னதா?" என்றார். "ரசிகன் போங்கோ! அவன் இன்னும் அங்கதான் இருக்கானா? இனிமே யார் நமக்குப் படம் சொல்லுவா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாலத்தைத் தாண்டும் வரை ஒரே ஒரு விஷயம்தான் மனதில் ஓடியது. போஸ்ட்மேன் கை நடுங்கியதை யார் பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கன்னடப் படத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னது யார்? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதுவும் அந்தப் பையன் சொன்னது என்றால், வாசலுக்கு வராத என்னைப் பற்றி என் புருஷன் என்னதான் நினைத்தார் என்பது எனக்கு இன்னமும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டேன்.

"பாத்திரம் கழுவுறவ. அவ வாசலுக்கு வந்தா அவன் போமாட்டான்னீங்களே, அது யாரு சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி சொன்னதுதான்."

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். அவர் ஹாலிலிருந்தே பேசினார், குரல் மெதுவாகத்தான் வந்தது.

"உள்ள பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும் கேக்குதுண்ணேன்னு சொன்னான். எனக்கு நம்ம வீட்டுக் கொழாய் ஞாபகம் வந்துருச்சு. நான் படி எறங்கி, சந்து முனையில ஆட்டோ ஏறுற வரைக்கும் அது கேக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டேதான் போவேன். டீயை அப்படியே வெச்சிட்டேன். தம்பிதான் சொன்னான், அவ வந்தா அவன் போமாட்டான்ணேன்னு. அத உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கன்னடப் படத்தைப் போட்டேன். வியாழக்கிழமை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "நீயுமா?" என்று கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம். ஒன்னு, ரெண்டு, மூணு என்று அவரே சொன்னார்.

பெயர் போடும்வரை பார்த்தார். மெஸ்ஸில் இட்லி வேகிற காட்சியில் இரண்டு வார்த்தை பேசினார். இருபதாவது நிமிஷம் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது, கை மடியில் மல்லாந்து கிடந்தது. எத்தனை மாடி வெயிலோ தெரியவில்லை, விரல் எல்லாம் காய்த்துக் கறுத்திருந்தது. அவர் தூங்குவதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. லீவில் வந்தால் நான் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவார்.

படத்தில் மழை ஆரம்பித்தது. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிற இடம் நெருங்கியது. ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். இத்தனை வருஷம் இவர் தூங்கத் தூங்கப் படம் ஓடியிருக்கிறது. இது காத்திருக்கட்டும்.

டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். மத்தியானத்துப் பாத்திரம் எல்லாம் சிங்க்கில் கிடந்தது. குழாயில் கை வைத்தேன். திறந்தால் எழுந்துவிடுவார் என்று அப்படியே விட்டுவிட்டு, ஹாலுக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.