ஊசியின் முனை

அக்காவுக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் பிற்பகலில், அம்மாவின் தையல் மிஷினில் நான் ஊசியை உடைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்தாள்.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்பு அதற்கென்று ஒரு முழத் துணிகூட எடுத்துவைக்க மாட்டார்கள். முதல் தடவை அக்கா உண்டாகியிருந்தபோது மாமா ஆசையாக ஒரு கவுன் வாங்கி வந்தார். ஐந்தாம் மாதம் கரு கலைந்துபோனது. கவுனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான். ஆனாலும் இந்த முறை நானும் எதையும் தொடவில்லை. பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று போன் வந்த பிறகுதான் பிட்டுத் துணி மூட்டையைப் பிரித்தேன்.

அம்மா அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டை தைக்கிறாள். விடுமுறை நாட்களில் ஆவடியில் எங்கள் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வெட்டியதில் மிஞ்சும் நீளநீளத் துண்டுகள் அந்த மூட்டையில் கிடந்தன. ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம். அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த மாதிரித் துண்டுகளில் விரிப்பு தைப்பது எப்படி என்று போனில் ஒரு வீடியோ பார்த்து வைத்திருந்தேன். சதுரமாக வெட்டிய காகிதத்தின் மேல் துண்டுகளைக் கோணலாக வரிசையாக வைத்து, காகிதத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். ஓரத்தை வெட்டினால் சதுரம் வந்துவிடும். பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டுச் சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். காகிதத்துக்கு என் பழைய கல்லூரி நோட்டுகளை எடுத்தேன். பழைய பேப்பர்காரர் எத்தனை தடவை கேட்டும் அம்மா கொடுக்காமல் பீரோ மேல் அடுக்கி வைத்திருந்த நோட்டுகள் அவை.

பதினாறு சதுரம். மூன்றாம் நாள் மதியம் அவற்றை இணைத்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"நாளிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்டா. பெட்டு இல்லியாம். வூட்ட கழுவி வுட்டு வையி."

அஞ்சு நாளாவது ஆகும் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? வேகமாக மிதித்தேன். நாலு சதுரம் சந்திக்கும் மூலையில் துணி மடிப்பு மடிப்பாகத் தடித்திருந்தது. அதன் மேல் ஊசி இறங்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம்.

மேல் பாதி மிஷினில் மாட்டியபடி நின்றது. நூல் கோத்த கண் பகுதி நூலிலேயே தொங்கியது. கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய முனை மட்டும் இல்லை. அரிசிக் குருணை அளவுகூட இருக்காது. அந்த மூலையைத் தடவிப் பார்த்தேன். பாபின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். தரையில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். தலைமுடி கிடைத்தது, பொத்தான் கிடைத்தது. முனை கிடைக்கவில்லை.

எங்கோ தெறித்திருக்கும், வீட்டைக் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்த இரண்டு துண்டுகளையும் ஏன் தூக்கிப் போடவில்லை என்று தெரியவில்லை. ஒரு தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தேன். புது ஊசி மாட்டினேன். அவசரத்தில் சில சதுரங்களில் தையலுக்கு அடியில் இருந்த காகிதத்தைச் சரியாக உரிக்கவில்லை. அப்படியே அம்மாவின் பழைய நூல் சேலையை அடியில் கொடுத்து மூடித் தைத்துவிட்டேன்.

மறுநாள் குழந்தை வந்தது. விரிப்பைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டாள். உடனே சிரித்தாள்.

"இன்னாடா இது, அப்பளம் மாரி நொறுங்குது?"

"உள்ள கொஞ்சம் பேப்பர் மாட்டிக்கிச்சி. தொவைச்சா போயிடும்."

"இந்த மஞ்ச, எதிர் வூட்டு அக்கா கல்யாண நாளுக்கு எடுத்ததுல்ல? தெருவையே தச்சி வெச்சிகீறான் பாரும்மா!"

அம்மா துணியைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தாள்.

"ஊசி மாத்துனியா?"

"மொட்டையாயிடுச்சிம்மா."

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

சொன்ன பொய் அவ்வளவுதான். அந்த நேரத்தில் குழந்தையை விரிப்பின் நடுவில் கிடத்தினார்கள். மல்லாந்து, கைகளை மூடிக்கொண்டு, துணிக்குள் புதைந்துபோகிற அளவுக்குச் சின்னதாக இருந்தாள்.

அதன் பிறகு குழந்தை அழுத ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த 'டிக்' கேட்டது. பசிக்கு அழுவது, ஈரத்துக்கு அழுவது என்று மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. எனக்கு எல்லாமே ஒரே அழுகை. ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். தூக்கிக்கொண்டு முதுகைத் தடவுவேன், தொடையைப் பார்ப்பேன், உள்ளங்காலைப் பார்ப்பேன்.

"தூக்கிக்கினே இருந்தின்னா கைப்பழக்கம் ஆயிடும்டா, கீழ போடு" என்பாள் அக்கா. கீழே என்றால் அந்த விரிப்பில்.

ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடியிலிருந்து வந்த மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மச்சான், கொழந்தைய புடிக்கச் சொன்னா வெடிகுண்டு மாரி புடிக்கிற? கை இப்டி ஆடுது! நாளிக்கு காது குத்துக்கு உன் மடியிலதான் ஒக்கார வெக்கணும். அப்ப இன்னா பண்ணுவ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் அசந்த நேரம் பார்த்து, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை விரிப்பு முழுக்க ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்தால் அது உள்ளேயேதானே இழுபடும், வெளியே எப்படி வரும்? துவைக்க வேண்டும் என்று விரிப்பை எடுத்துப் போனால், நனைக்கும் முன்பே அக்கா வாங்கி வந்து விரித்தாள். அவளுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒரு நாள் தள்ளத் தள்ள அந்தக் கேள்வி இன்னும் பெரிதானது.

ஊசி உடைந்த பதிமூன்றாம் நாள் காலை அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். குழந்தையைக் குப்புறத் திருப்பியபோது முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு புள்ளி. செம்பு என் கையிலிருந்து நழுவியது.

"கொசுடா. இதுக்குப் போயி..."

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் பால் கொடுக்கப் போனாள். நான் தீப்பெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். திறந்து பார்த்தாள். இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்தினாள். மீதி எவ்வளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்போ?"

"நீங்க வர்றதுக்கு மொத நாளு."

அறைவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் விரிப்பை எடுத்து வந்து ஹால் தரையில் போட்டாள்.

"கம்பெனியில ஒடஞ்சா மூணு துண்டையும் ஒட்டிக் காட்னாத்தான் புது ஊசி குடுப்பான். ஒரு துண்டு கொறஞ்சாலும் கைக்கு எட்ற தூரத்துல கீற துணிய எல்லாம் ஒதுக்கிடுவான். சூப்ரவைசர் கத்துனா எரிச்சலா இருக்கும். யாரோ ஊர்ல யாரோ போடப் போற சட்டைக்கு அவ்ளோ பண்றோம்டா." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

விரலால் தடவப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"விரல்ல தெரியாது. என் விரலு எப்பவோ செத்துப்போச்சி. கன்னத்த வெச்சி அழுத்திப் பாரு."

அவள் ஒரு மூலையில் தொடங்கினாள். நான் எதிர் மூலையில் தொடங்கினேன். தெருப் பெண்களின் ரவிக்கைத் துணி மேல் கன்னத்தைப் பதித்து, பட்டை பட்டையாக நகர்ந்தோம். காதுக்குள் காகிதம் நொறுங்கியது. குத்த வேண்டும் என்றும் குத்தக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

"இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? குட்டிக்கரணமா?" குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அக்கா உள்ளறை வாசற்படியில் நின்று சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் தாடைக்குக் கீழே சுருக்கென்றது.

ஊசி உடைந்த மூலையில் இல்லை. இரண்டு சதுரம் தள்ளி, பச்சைப் பட்டைக்கு அடியில் இருந்தது. அம்மா பிளேடால் தையலைப் பிரித்தாள். நான் உரிக்காமல் விட்ட காகிதத் துணுக்கு வந்தது. என் கையெழுத்தில் பாதிக் கணக்கு. அதில் செருகிக்கொண்டு ஊசியின் முனை நின்றது. கூர் மேல் நோக்கி இருந்தது.

அம்மா மூன்று துண்டுகளையும் டேப்பில் ஒட்டினாள். பக்கத்தில் புது ஊசியை வைத்து நீளம் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு பீரோ மேலிருந்து என் நோட்டுகளில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்துப் போட்டாள்.

"கோடு போடு. தேதி. மிஷினு. ஒடஞ்ச நேரம். கெடச்ச நேரம். கையெழுத்து."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கம்பெனியில் ஊசி உடைந்தால் சூப்பர்வைசர் இப்படி எழுதுவார், இவள் பெயரை மட்டும் போடுவாள். ஆனால் கட்டங்கள் வரிசையாக மனதில் இருந்தன. ஊசித் துண்டுகள் இருந்த டேப்பை நோட்டில் ஒட்டினேன். எழுதினேன்.

"படி. அவளுக்குக் கேக்குற மாரி படி."

படித்தேன். உடைந்த நாளையும் படித்தேன், கிடைத்த நாளையும் படித்தேன். அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"பதிமூணு நாளா?"

"ம்."

"அது பக்கத்துலயேதானடா நானும் தூங்கினு இருந்தேன்."

நான் எழுதியதற்குக் கீழே அம்மா தன் பெயரை மெதுவாகப் போட்டாள். அக்கா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று முழுக்கக் குழந்தை அம்மாவின் பழைய சேலையில்தான் படுத்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

மறுநாள் குளிப்பாட்டும் நேரத்தில் அக்கா என்னைப் பார்க்காமலே கூப்பிட்டாள். "டேய். வந்து புடி."

ஈரத்தோடு குழந்தையை வாங்கினேன். என் கைகள் முன்னைவிட அதிகமாக நடுங்கின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.